இடம் மாறிய கொம்பு

அப்பா இறந்த அன்று செல்லூரில் எங்கள் தெருமுனையில் வைத்த கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸில் அவர் பெயர் தப்பாக இருந்தது. பெயரில் வரும் ‘கோ’வின் கொம்பு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. ஃபிளெக்ஸ் கடைக்காரர் கணினியில் சரியாகத்தான் தட்டியிருந்தார். அதைப் படமாக மாற்றிய மென்பொருள் குழப்பிவிட்டது. மாற்றி அடிக்க நேரமில்லை. அம்மா பார்த்துவிடக் கூடாதென்று சித்தப்பா ஒரு மாலையை இழுத்து அந்த எழுத்தை மறைத்துவிட்டார்.

இதை நான் ஒரே ஒருவனிடம்தான் சொன்னேன். கொட்டாம்பட்டிக்காரன், என்னோடு கல்லூரியில் படித்தவன், எங்கள் வீட்டு மாடியில் தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தான்.

“அந்த மாதிரி சாஃப்ட்வேர நாமளே ஒண்ணு எழுதுவோம் மாப்ள” என்றான்.

அப்படித்தான் எங்கள் லைப்ரரி, அதாவது நிரல் தொகுப்பு, உருவானது. கோடும் வளைவுமாகக் கணிதச் சூத்திரத்தில் இருக்கும் படத்தை வாங்கி, திரையில் தெரியும் புள்ளிகளாக மாற்றித் தரும் நிரல். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளலாம். வளைவுகள் படிக்கட்டு மாதிரி உடையாமல் வழுவழுப்பாக வருவதை அவன் பார்த்துக்கொண்டான். தமிழ் எழுத்துகள் என் பங்கு. கீழே விசைத்தறி ஓடும்போது பேசினால் கேட்காது; திரையைத் திருப்பிக் காட்டிக்கொள்வோம். ‘கோ’ முதன்முதலாக ஒழுங்காக வந்தபோது அவன்தான் அம்மாவை மாடிக்குக் கூட்டிவந்து காட்டினான். “எழுத்து எழுத்து மாதிரிதான இருக்கு” என்று சொல்லிவிட்டு அம்மா இறங்கிப் போய்விட்டார்.

அவனுக்குச் சென்னையில் வேலை கிடைத்தது. லைப்ரரி வேலையை மட்டும் அங்கிருந்தும் இங்கிருந்தும் தொடர்ந்தோம். போன வருடம் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் லைப்ரரியைப் பற்றிப் பேசத் தன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று என்னையும் வரச்சொன்னான். போனேன்.

மேடையில் அவன் சொன்னான்: “எங்கப்பா இறந்தன்னைக்கு வச்ச ஃபிளெக்ஸ்ல அவரு பேரு தப்பா வந்துச்சு.”

எழுத்தை மறைத்த மாலையைக்கூட விடவில்லை. சொல்லும்போது குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் ஓர் ஆசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவன் அப்பா முந்தின மாதம்தான் பஸ் ஏறி வந்து எங்கள் வீட்டில் நிலக்கடலை கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் வண்டி நிறுத்துமிடத்தில் அவனைப் பிடித்தேன்.

“உங்கப்பா எப்படி இருக்காரு?”

அவனுக்குப் புரிந்துவிட்டது. “கோவிச்சுக்காத மாப்ள. பிரெண்டோட அப்பான்னு சொன்னா அம்புட்டு எடுபடாது.”

“முன்னாடியும் சொல்லிருக்கியா?”

“ஆபீஸ் இன்டர்வியூல சொன்னேன். அதுக்கப்புறம் ரெண்டு மூணு எடத்துல.”

லைப்ரரி முழுவதையும் தானே எழுதியதாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், பிறகு சேர்ந்திருப்பேன். இதற்கு எப்படிச் சண்டை போடுவதென்று தெரியவில்லை. நான் அவனை நம்பிச் சொன்ன ஒன்றை, யார் யாரோ அவன் துக்கமென்று நினைத்துக்கொண்டு ஆறுதலாக அவன் தோளைத் தட்டியிருப்பார்கள்.

“வாரேன்” என்றுகூடச் சொல்லாமல் வண்டியை எடுத்தேன்.

லைப்ரரியை இன்னும் இரண்டு பேரும்தான் பார்க்கிறோம். எங்கேயாவது வளைவு பிசிறடித்தால் அவன் திருத்துகிறான். எழுத்து உடைந்தால் நான். திருத்தத்துக்குக் கீழே, என்ன மாற்றினோம் என்று ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதிக்கொள்கிறோம், முன்பின் தெரியாதவர்கள் மாதிரி. அவன் ஏன் வருவதில்லை என்று அம்மா கேட்கிறார். வேலை அதிகம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.