கூடை சுமந்த கொடிக்காரன்

தனகோடிக்குத் தொண்டை பெரிசு. சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்துக் கிராமத்தில் அவன் மாட்டை அதட்டினால் அடுத்த ஊர் மாடு நின்று பார்க்கும் என்பார்கள். எழுபத்து நாலில், பூமிக்கடியில் எண்ணெய் தேடும் கோஷ்டி ஒன்று புதுப்பட்டினம் கடற்கரையில் கூடாரம் போட்டபோது, அந்தத் தொண்டைக்காகவே அவனைக் கொடிக்காரனாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஏர் ஓட்டினவனுக்கு முதல் முதலாக மாதச் சம்பளம். காக்கிச் சட்டையைத் தினமும் துவைத்து, மடித்து, தலைக்கு வைத்துப் படுத்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வேலை இதுதான். சவுக்குத் தோப்பு மணலில் சின்னச் சின்னக் கருவிகளை வரிசையாகக் குத்தி, வயரால் ஒரு லாரியோடு சேர்த்திருப்பார்கள். தள்ளி ஆழமாகத் துளை போட்டு வெடி வைப்பார்கள். அதிர்வு கீழே போய்ப் பாறையில் மோதித் திரும்புவதை அந்தக் கருவிகள் கேட்டு, லாரியிலுள்ள புது மெஷினுக்குச் சொல்லும். அப்போது பக்கத்தில் ஆள் நடந்தால் அதையும் சேர்த்துக் கேட்டுத் தொலைக்கும். சிவப்புக் கொடியை ஏற்றி எல்லாரையும் நிறுத்தி வைப்பது தனகோடியின் பொறுப்பு.

எல்லாரும் நின்றார்கள், மீன்காரப் பெண்களைத் தவிர. குப்பத்திலிருந்து சந்தைக்கு ஓட்டமும் நடையுமாக வருவார்கள், முன்னால் எல்லம்மாள். கொடியாவது ஒன்றாவது. வெடிகள் வீணாயின. லாரியில் உட்கார்ந்திருக்கும் எஞ்சினியர் ஜானகிராமன், மெஷின் கோடு போட்டுத் தள்ளிய காகிதத்தை நீட்டினார். கோடெல்லாம் தாறுமாறு.

"நாளைக்கும் இப்படின்னா கொடியை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன், தனகோடி."

தனகோடி சாயந்திரமே குப்பத்துக்குப் போய் எல்லம்மாள் முன்னால் நின்றான்.

"கொஞ்ச நேரம் நின்னா இன்னாக்கா?"

"நடந்துகினு இருந்தா பாரம் தெரியாது, அண்ணாத்த. நின்னா கழுத்து போயிடும். எறக்கி வெச்சா, கடேசி ஆளுக்குக் கை குடுத்து யாரு தூக்கி வுடுவா?"

"நான் தூக்கி வுடறேன்."

மறுநாள் சொன்னபடி கூடைகளை இறக்கினான். மீன் தண்ணீர் காக்கிச் சட்டையில் வழிந்தது. பெண்கள் வரிசையாகக் குந்தினார்கள். கொடி ஏறியது, வெடித்தது. சற்று நேரத்தில் ஜானகிராமன் லாரியை விட்டு இறங்கி வந்தார். முகம் சரியில்லை.

"யார் நடந்தது?"

"ஒருத்தியும் நடக்கல சார்." அவன் அழாத குறை.

எல்லம்மாள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள். "நாங்க குந்திகினு தான் கீறோம் சார். இவருதான் 'அசையாத, அசையாத'ன்னு அந்த முனைக்கும் இந்த முனைக்கும் குதிச்சிகினு இருந்தாரு."

தனகோடி குனிந்து பார்த்தான். கருவிகளை ஒட்டியே மணலில் அவன் செருப்புத் தடம், போனதும் வந்ததுமாக. ஊருக்குத்தான் உபதேசம். பாவம், அவனைச் சொல்லியும் குற்றமில்லை. வயல்காட்டில் வாய் அதட்டினால் கால் தானாகவே ஓடும்.

"இன்னும் ஒரு துளை இருக்கு. கொடி யார்கிட்டன்னு அதோட முடிவு பண்ணிடலாம்" என்றார் ஜானகிராமன்.

"என் காலைக் கட்டிப் போட்டாத்தான் உண்டு சார்."

"கயிறு இன்னாத்துக்கு?" என்றாள் எல்லம்மாள். இன்னொருத்தியைக் கைகொடுக்கச் சொல்லித் தன் கூடையைத் தூக்கி அவன் தலையில் வைத்தாள். "இப்ப குதி, பாக்கலாம்."

அவன் எங்கே குதிப்பது? ஒரு கை கூடையில், ஒரு கை கொடியில். கழுத்து விறைத்து, கண் மட்டும் உருண்டது. வெடித்தபோது ஒரு நண்டு கூடையிலிருந்து இறங்கி அவன் காதை விசாரித்தது. தனகோடி அசையவில்லை. பெண்கள் வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டார்கள்.

ஜானகிராமன் காகிதத்தோடு வந்தார். கோடெல்லாம் ஒழுங்காகப் போயிருந்தது. "கொடி உன்கிட்டயே இருக்கட்டும்" என்றார், நண்டைப் பார்த்துச் சிரித்தபடி. தனகோடிக்கு வந்த சந்தோஷத்தில் கூடையோடு ஒரு சுற்று ஓடியே விட்டான்.

கோஷ்டி தெற்கே கிளம்பியபோது அவனும் லாரியில் ஏறினான். எல்லம்மாள் கொடுத்த பழைய கூடையும் ஏறியது. போன இடமெல்லாம் அதில் மணலை நிரப்பித் தலையில் வைத்த பிறகுதான் கொடியை ஏற்றுவான். புதிதாக வந்த எஞ்சினியர் ஒருவர் சிரித்தார்.

"இந்த வேல ஆபீஸ் குடுத்ததுன்னு நெனைக்காதீங்க சார்" என்றான் தனகோடி. "எங்க எல்லம்மாக்கா தலையில ஏத்தி வுட்டது."