ஆரோக்கியம் தேய்க்காத சுத்தியல்

நண்பர்களே, ஆரோக்கியம் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் திருவொற்றியூர் காயலான் கடைக்காரர். "சார், உங்க தோஸ்து காலைல பூட்டாராம். அவருக்குன்னு ரெண்டு குறடு எடுத்து வச்சிகிறேன், இன்னா பண்றது?" என்றார். அழுவதா, குறடு எப்படி இருக்கிறது என்று கேட்பதா? கேட்டுவிட்டேன். ஆரோக்கியமும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

துறைமுகப் பணிமனையில் அவர் கொல்லர், நான் ஸ்டோர்ஸ் குமாஸ்தா. ஓய்வுபெற்ற பிறகு, ஞாயிறு பூசை முடிந்ததும் என்னை இழுத்துக்கொண்டு காயலான் கடைகளுக்குக் கிளம்பிவிடுவார். எனக்கு வெறும் துருக்கட்டியாகத் தெரிவதைக் கட்டைவிரலால் வருடி, "ரிவிட்டுக்குத் தல உருட்டுற சாமான் மாமு, அடியில குழி கீது பாரு" என்பார். குழி இருக்கும்.

வாங்கியதைப் புளித்தண்ணீரில் ஊறப்போடுவார். ஒருமுறை அவர் மனைவி லூர்து அக்கா, தெரியாமல் அந்தத் தண்ணீரிலேயே மீன்குழம்பு வைத்துவிட்டார். விருந்தாளி நான். "இரும்புச் சத்து மாமு, இன்னொரு தபா ஊத்திக்க" என்றார் ஆரோக்கியம். ஊறியதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எண்ணெய் பூசுவதோடு சரி, மிஷின் பக்கமே போகமாட்டார். "துருவ எடு, தழும்ப எடுக்காத" என்பார்.

ஒரு நாள் ஒரு சுத்தியலைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். அதன் அடிக்கும் முகம் ஒரு பக்கமாகச் சரிந்து தேய்ந்திருந்தது. "இது சூசையோடது. பீச்சாங்கைக்காரன். அவன் அடிச்சாதான் இப்டித் தேயும்" என்றார். சூசை அவரோடு ஒரே உலையில் வேலை பார்த்து இறந்துபோனவர். சூசையின் மகள் ரீட்டாவிடம் அப்பாவின் பொருள் என்று ஒன்றுமே இல்லை. உடனே அவளுக்குச் சொல்லியனுப்பினார்.

பிடி போடும் வேலையை என்னிடம் விட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். கொடுக்கிற பொருள் பளபளவென்று இருக்கட்டுமே என்று, வெல்டிங் கடை கிரைண்டரில் முகத்தைச் சமமாகத் தேய்த்துக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். ஆரோக்கியம் அதைப் பார்த்து வாயைத் திறப்பதற்குள் ரீட்டா வந்துவிட்டாள்.

வாங்கியதும் விரலால் சுத்தியலின் முகத்தைத் தடவினாள். "எங்க நைனா சுத்தி சாஞ்சிருக்கும்னு சொன்னியே மாமா? யாரு தேச்சது?"

"நான்தாம்மா. பளபளன்னு இருக்கட்டுமேன்னு..." என்றார் ஆரோக்கியம்.

"எங்க நைனா கை அதுலதான இருந்துச்சு!" என்று அவள் அழுது திட்டியதில் தெருவே கூடிவிட்டது.

அவள் போனதும், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "நான் அவ அப்பன் தோஸ்து. என்ன மன்னிச்சிடுவா. உன்ன மன்னிக்க அவளுக்கு இன்னா காரணம் கீது?" என்றார்.

மூன்றாம் வாரமே ரீட்டா மன்னித்துவிட்டாள். ஆனால் அவருக்கு 'பாலீஷ் மாமா' என்ற பெயர் நிலைத்துவிட்டது. வாழ்நாளில் ஒரு சாமானுக்கும் பாலீஷ் போடாத மனிதர், தெருவில் யார் அப்படிக் கூப்பிட்டாலும் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்ப்பார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று போவேன், ரீட்டா தரும் கேக்கைத் தின்றுவிட்டு வந்துவிடுவேன். வெட்கமாக இருக்கிறது.

அடக்கத்தன்று அவள் "போய் வா பாலீஷ் மாமா" என்றபோது நீங்கள் எல்லோரும் அழுதுகொண்டே சிரித்தீர்கள். என்னால் முடியவில்லை. மறுநாள் அவள் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டேன்.

அன்று ஆரோக்கியத்தைத் திட்டியதைவிட இரண்டு மடங்கு என்னைத் திட்டினாள் ரீட்டா. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீ எங்க மாமாவோட தோஸ்து. அதனால உடுறேன். ஆனா அந்தப் பேரு இனிமே உன்னுது" என்றாள்.

நண்பர்களே, ஆரோக்கியத்திடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்தப் பெயரைத்தான். தெருவில் கண்டால் கூப்பிடுங்கள், திரும்பிப் பார்க்கிறேன்.