லேபிளை உரித்த பெயிண்டர்

லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் இளங்கோவன் கை படாமல் ஒரு பெட்டியும் வெளியே போகாது. பெரிய ஆபீசர் என்று நினைத்துவிட வேண்டாம். பெயிண்டர். பழுது பார்த்து, புதுப் பெயிண்ட் அடித்து நிற்கிற பெட்டியில் கடைசியாக நம்பர் எழுதுகிறவர். "நம்பர் இல்லாத பெட்டி பெட்டியே இல்ல, வெறும் இரும்பு" என்பார். முப்பது வருஷமாக இதையே சொல்வதால், "நம்பர் இல்லாத" என்று அவர் தொடங்கினாலே கேண்டீனில் நாலு பேர் சேர்ந்து மீதியை முடித்து வைப்பார்கள்.

அப்படிப்பட்ட மனுஷன்தான் வீட்டில் மருந்துப் பாட்டிலின் லேபிளை உரித்தார்.

மருந்து அவர் மகள் ரோகிணிக்கு. பத்தொன்பது வயசு. எட்டாவது படிக்கும்போது வலிப்பு ஆரம்பித்தது. எத்தனை மாத்திரை மாற்றியும் மாதத்துக்கு நாலு தடவையாவது விழுவாள். கண் திறந்ததும், எத்தனை நிமிஷம் என்பதுதான் முதல் கேள்வி, "கித்னா மினிட், பப்பா?" ரெண்டு நிமிஷம் என்றால், பரீட்சை தேறின மாதிரி "பாஸ்" என்பாள். தெலுங்கு ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள்; வீட்டில் பேசுகிற தமிழ் எல்லாம் புரியும், பதில் மட்டும் இந்தியிலோ தெலுங்கிலோதான் வரும்.

போன வருஷம் டாக்டர் மாத்திரையோடு ஒரு எண்ணெயும் சேர்த்து எழுதினார். சிபிடி எண்ணெய். கஞ்சாச் செடியின் இலையிலிருந்து எடுப்பது, போதை வராது என்றார்.

இளங்கோவனுக்கு ஏசி அறையிலேயே வேர்த்தது. "சார், நான் சென்ட்ரல் கவர்ன்மென்ட் சர்வன்ட்டு."

"அதே செடியில பூவை வெச்சிருந்தா ஜெயில்தான். இலையில எடுத்து, லைசென்ஸ் இருக்கற கம்பெனி அடைச்சு, நான் குடுக்கற சீட்டோட வாங்கினா மருந்து. சீட்டும் பாட்டிலும் எப்பவும் சேர்ந்தே இருக்கட்டும்" என்றார் டாக்டர்.

மாதம் நாலு என்பது ஒன்றாகி, தீபாவளிக்கு அப்புறம் அதுவும் நின்றது. ரோகிணி ஏ.எஸ்.ராவ் நகரில் கம்ப்யூட்டர் கிளாஸ் சேர்ந்தாள். பஸ்ஸில் தனியாகப் போய்விட்டு வந்தாள். அவள் அம்மா உஷா முதல் ஒரு வாரம் அடுத்த பஸ்ஸில் பின்னாலேயே போனது அவளுக்கு இன்னும் தெரியாது.

ஆனால் லேபிளில் அந்த இலை இருந்தது. பச்சையாய், விரல் விரித்த மாதிரி. பக்கத்து குவார்ட்டர்ஸ் ராஜம் ஒருநாள் கேட்டுவிட்டாள்: "ஏன் உஷா, டிவியில போலீஸு மூட்டை மூட்டையா புடிக்கறாங்களே, அந்த இலை மாதிரி இல்ல இது?"

"கீரைக்கா அது" என்றாள் உஷா. ராஜம் நம்பின மாதிரி தலையாட்டிவிட்டுப் போனாள்.

அந்த மாதம்தான் அல்வாலிலிருந்து ரோகிணிக்கு ஒரு வரன் வந்திருந்தது. இளங்கோவன் அன்று சாயந்திரமே துணியில் மண்ணெண்ணெய் தொட்டு, ஓரம் கிழியாமல் லேபிளை உரித்தார். நன்றாக அச்சடித்த எழுத்தைக் குப்பையில் போட மனசு வரவில்லை. ஹாலில் தொங்கும், முருகன் படம் போட்ட தினசரிக் காலண்டர் அட்டையின் முதுகில் ஒட்டினார். அப்புறம் வாங்கின பாட்டில்களுக்கும் அதே கதி. நாலு லேபிள், நூல் பிடித்த வரிசை. இலையோடு சேர்ந்து கம்பெனி பேர், லைசென்ஸ் நம்பர், தயாரிப்பு எண் எல்லாம் முருகன் படத்துக்குப் பின்னால் போய்விட்டது அவருக்கு உறைக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை ரோகிணி காலை மருந்து எடுக்காமலே கிளாசுக்குப் போய்விட்டாள். இளங்கோவன் பெர்மிஷன் போட்டு, வீட்டுக்கு வந்து பாட்டிலை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். ஹப்சிகுடாவில் போலீஸ் வண்டிகளை நிறுத்திச் சோதனை போட்டுக்கொண்டிருந்தது. கான்ஸ்டபிள் டிக்கியைத் திறந்தார். பழுப்புக் கண்ணாடிப் பாட்டில், மூடியில் சொட்டு விடும் குழாய், மேலே ஒரு எழுத்து இல்லை.

"இதேந்தி?"

"தேங்காய் எண்ணெய் சார்" என்று தெலுங்கில் சொல்லிவிட்டார் இளங்கோவன். ஏன் சொன்னோம் என்று இன்றுவரை அவருக்கே தெரியவில்லை. கான்ஸ்டபிள் நிமிர்ந்து அவர் தலையைப் பார்த்தார். வெயிலில் அது எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது. ஒரு முடி கிடையாது.

எஸ்.ஐ. மோந்து பார்த்தார். அதற்குப் பிறகுதான் இளங்கோவன் உண்மையைச் சொன்னார். ரெண்டாவதாக வந்ததால் அதுவும் பொய் மாதிரியே கேட்டது.

ஸ்டேஷனிலிருந்து உஷாவுக்கு போன் போட்டார். "டாக்டர் ஃபைல எடுத்துட்டு வா. ஹால்ல இருக்கற காலண்டரையும் எடுத்துக்க."

"காலண்டர் எதுக்கு?"

"கொண்டா. அப்புறம் திட்டு."

ஆட்டோவில் முருகனை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். எஸ்.ஐ. படத்தைத் திருப்பினார். நாலு இலையும் வரிசையாய் இருந்தன. உஷா புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவள் திட்டியே இருக்கலாம்.

எஸ்.ஐ. கெட்டவர் இல்லை. சீட்டைப் படித்தார், பில்லைப் படித்தார். "எல்லாம் சரி அண்ணா. ஆனா இந்த லேபிள் இந்தப் பாட்டிலோடதுன்னு நான் எப்படி எழுதுவேன்? மேல ஒன்னும் இல்லியே."

இளங்கோவன் தொண்டை வரைக்கும் அவருடைய பழைய வசனம் வந்து நின்றது. முடித்து வைக்க அங்கே யாரும் இல்லை.

பாட்டில் சீல் வைத்து லேபுக்குப் போனது. ரிப்போர்ட் வரும்வரை கேஸ் இல்லை, கூப்பிட்டால் வரவேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். ஃபைலும் காலண்டரும் அங்கேயே தங்கின. சீட்டு போனதால் புதுச் சீட்டு வேண்டும். டாக்டர் வெளியூர், திங்கட்கிழமைதான் வருவார். மாத்திரை மட்டும் கொடுத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளாகப் பல்லைக் கடித்துத் தள்ளினார்கள்.

சனிக்கிழமை காலை குளியலறையில் பக்கெட் உருளும் சத்தம் கேட்டது. கதவை உடைத்துக்கொண்டு போனபோது ரோகிணி குழாயடியில் கிடந்தாள். புருவம் பிளந்திருந்தது. நாலு தையல்.

ஆஸ்பத்திரியில் கண் திறந்து கேட்டாள். "கித்னா மினிட், பப்பா?"

"ஆறு."

அவள் பாஸ் என்று சொல்லவில்லை. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

புதுப் பாட்டில் புதன்கிழமை வந்தது. ஜாதகம், விசாரிப்பு எல்லாம் முடிந்து அல்வால்காரர்கள் பெண் பார்க்க வருவதாகச் சொன்னது அந்த ஞாயிற்றுக்கிழமை. "தையல் ஆறட்டும், தள்ளிப்போடலாம்" என்றாள் உஷா. "வரட்டும்" என்றார் இளங்கோவன். டிவிக்குப் பக்கத்தில், வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், இலை முன்பக்கம் தெரிய பாட்டிலை வைத்தார்.

பையனின் அம்மா காபி டம்ளரோடு எழுந்து போய், கண்ணாடி போட்டு லேபிளைப் படித்தார். ஒரு வரி விடவில்லை. "இது..." என்று இழுத்தார்.

"கஞ்சா இலையில எடுத்த மருந்துங்க. பொண்ணுக்கு வலிப்பு இருக்குது. இது இருந்தா வர்றதில்ல. கொஞ்ச நாள் இல்லாம நாந்தான் பண்ணிட்டேன். அந்தத் தையல் என்னால வந்தது."

டம்ளர் பாதியோடு மேஜைக்கு வந்தது. சொல்லி அனுப்புகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்லவும் இல்லை, அனுப்பவும் இல்லை. லேப் ரிப்போர்ட் ஒரு மாதம் கழித்து வந்தது. மருந்துதான் என்று எழுதியிருந்தது. காலண்டர் திரும்பி வந்தபோது அந்த வருஷமே முடிந்துவிட்டிருந்தது.

ஆனால் அது அப்புறம். அந்த ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் படி இறங்கின சத்தம் அடங்கினதும், ரோகிணி டிவி பக்கத்தில் போய் நின்றாள்.

"தேங்கா எண்ணெய்னு சொல்லிருக்கலாம்ல, பப்பா?" என்றாள். தமிழில்.

அவள் நாக்குக்கு அடியில் சொட்டு எண்ணி விட்டுக்கொண்டு, மூடியைத் திருகி, பாட்டிலை எடுத்த இடத்திலேயே வைத்தாள். லேபிள் கொஞ்சம் சுவர்ப் பக்கமாய்த் திரும்பியிருந்தது. ஒரு விரலால் தள்ளி வாசலைப் பார்க்க வைத்தாள்.