கைப்பு வேறு, கயர் வேறு

கஜந்தினிக்குக் கோபம் வந்தால் அவள் வாய் மூடிவிடும், சட்டிபானை கதைக்கத் தொடங்கும். அந்தக் கிழமை பிரான்சில், லா ஷப்பலில் அவள் வீட்டுக் குசினிக்குள் மூடிகள் விழுந்த சத்தத்தில், கணவன் கீர்த்தனன் தேத்தண்ணி கேட்கப் பயந்து கடையில் வாங்கிக் குடித்தான். கோபத்துக்குக் காரணம் ஒரு லேபிள். அவள் மாய்ந்து மாய்ந்து காய்ச்சிக் கண்டுபிடித்த பியரின் லேபிளில், அவளுடைய அண்ணன் தன்னுடைய பெயரை அடித்திருந்தான்.

நாற்பத்து நான்கு வயதுப் பெண், பள்ளிக்கூடக் கந்தீனில் சமைக்கிறவள், இவளுக்கு ஏன் பியர் காய்ச்சிற வேலை என்று கேட்பவர்கள் அந்த அண்ணன் கரிகாலனைத்தான் கேட்கவேண்டும். பிறந்தநாளோ கலியாணமோ, அவன் கொண்டுவருவது பத்து வீதம் அல்ககோல் என்று எழுதிய பெரிய பியர் ரின்கள். ரெண்டு குடித்தவன் பாடுவான், மூன்று குடித்தவன் சண்டைக்கு வருவான். ஒருநாள் கஜந்தினி ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, "இந்தச் சீனித் தண்ணிக்கோ இவ்வளவு ஆட்டம்? இதைவிட நல்லதாய் நான் காய்ச்சுவன்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளைப் பார்த்துச் சிரித்திருக்கக் கூடாது.

அவள் மனதில் இருந்த பியர் வேறு. நாலு வீதத்துக்கு மேல் போகக் கூடாது. மட்டன் ரோலோடு ரெண்டு கிளாஸ் குடித்த மனுசன் நேராக நடந்து வீட்டுக்குப் போகவேண்டும். அதற்காக வெறும் தண்ணீராகவும் இருக்கக் கூடாது. மூக்கருகே கொண்டுபோனதும் தேசிக்காய்த் தோல் வாசம் அடிக்கவேண்டும், விழுங்கியபின் சுத்தமான கைப்பு கொஞ்ச நேரம் நாக்கில் நிற்கவேண்டும். அந்த வாசத்தையும் கைப்பையும் கொடுப்பது ஊப்லோன் என்ற பச்சைப் பூ. இருபது லீற்றருக்கு மூன்றரைக் கிலோ பார்லி மோல்ட், அதாவது முளைக்கவிட்டுக் காயவைத்த பார்லி, நுரை நிற்கக் கொஞ்சம் கோதுமை மோல்ட். பூவில் கொஞ்சத்தைக் கைப்புக்காகக் கொதியில் போட்டாள். மிச்சத்தை அடுப்பை அணைத்துச் சூடு இறங்கியபின் போட்டாள், கொதியில் போட்டால் வாசம் ஆவியோடு போய்விடும். ஈஸ்ற் போட்டு, நொதிப்பு அடங்கிய நாலாம் நாள் இன்னும் ஒரு பிடி.

எல்லாம் சரி, ஆனால் முதல் ஆறு முறையும் கயர்த்தது. பாவற்காய் கைக்கும். வடிவாய்ச் சமைக்காத வாழைப்பூ கயர்க்கும், நாக்கை இழுத்துப் பிடிக்கும். பூதான் காரணம் என்று நினைத்து அவள் பூவைக் குறைத்துப் பார்த்தாள். வாசம் போனது, கயர் போகவில்லை. கேத்திலின் அடியில் படிந்திருந்த வெள்ளைச் சுண்ணாம்பைச் சுரண்டும்போதுதான் பிடிபட்டது. குழப்படி செய்தது குழாய்த் தண்ணீர். சுண்ணாம்பு கூடிய தண்ணீர் மோல்ட்டின் உமியிலிருந்து கயரை இழுத்தெடுக்கிறது. அரைவாசிக்கு உப்புக் குறைந்த போத்தல் தண்ணீர் கலந்து, சுண்ணாம்பை அடக்கச் சில துளி லாக்டிக் அமிலம் விட்டாள். பதினோராவது முறை அவள் நினைத்த பியர் வந்தது. ரெண்டு வருசம் போயிருந்தது.

கரிகாலன் அதை மூன்று கிளாஸ் பேசாமல் குடித்தான். ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ரெண்டாவது சாப்பாட்டுக்கடை திறக்க ஓடிக்கொண்டிருந்தவன். "தங்கச்சி, இதை என்ரை கடையிலை ஊத்துவம். அந்துவான் எண்டு ஒருத்தன் சின்னதாய்ப் பியர் காய்ச்சி விக்கிறான், அவனிட்டைக் குடுப்பம்" என்றான். அன்றிரவே அவள் செய்முறையை முத்துமுத்தாக எழுதிக் கொடுத்தாள். அந்தச் சந்தோசத்தை இப்போது நினைத்தாலும் அவளுக்கு வயிறு எரியும்.

ஏனென்றால் ஒன்றரை மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, லேபிளின் படம் போனில் வந்தது. 'கரிகாலன். அவருடைய சொந்தச் செய்முறை.'

"என்னண்ணை இது?"

"பொம்பிளை பியர் காய்ச்சினவள் எண்டு போட்டால் சனம் என்ன கதைக்கும்? உன்ரை மானத்துக்காகத்தான் பிள்ளை."

"என்ரை மானத்தை நான் பாப்பன். என்ரை பேரைப் போடுங்கோ."

அவன் போனை வைத்துவிட்டான். கீர்த்தனன், "விடுமப்பா, அண்ணைதானே" என்றான். அந்த 'தானே'க்குத்தான் முதல் மூடி விழுந்தது.

வியாழக்கிழமை அண்ணனே கூப்பிட்டான். அந்துவான் ரெண்டு தரம் காய்ச்சியும் வாய்க்கவில்லையாம், மூன்றாம் தரம் கொண்டுவருகிறானாம், ஒருக்கா வந்து வாய் வைத்துப் பார் என்றான். மானங்கெட்டவள்தான் போவாள் என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு போனாள். அண்ணனுக்காக இல்லை. அது அவளுடைய பியர்.

புதுக்கடையில் பெயின்ற் மணம் இன்னும் போகவில்லை. அந்துவான் மூன்று கிளாஸில் ஊற்றினான். கரிகாலன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான். "இன்னும் கயருது" என்று தமிழில் முணுமுணுத்தான். பிறகு அந்துவானைப் பார்த்துப் பிரெஞ்சில், "இன்னும் அமேர்" என்றான். அமேர் என்றால் கைப்பு.

அந்துவான் தலையில் கைவைத்தான். "முதல் தரம் அமேர் என்றீர்கள், ஊப்லோனைக் குறைத்தேன். பிறகும் அமேர் என்றீர்கள், பாதியாக்கினேன். இதில் ஊப்லோனே இல்லை என்று சொல்லலாம், ஐயா."

கஜந்தினி குடித்துப் பார்த்தாள். வாசம் செத்துக் கிடந்தது. கயர் மட்டும் நாக்கைப் பிடித்து இழுத்தது. அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"அண்ணை, கயருக்கோ அமேர் எண்டு சொன்னனீங்கள்?"

"ரெண்டும் ஒண்டுதானே."

"ஒண்டோ? இருவது வருசமாய்ச் சாப்பாட்டுக்கடை நடத்திறியள், பாவக்காய்க்கும் வாழைப்பூவுக்கும் வித்தியாசம் தெரியாதோ? கண்டறியாத பிரெஞ்சு கதைச்சு என்ரை பூவையெல்லாம் வெட்டிக் கொட்ட வைச்சிட்டியள்."

அந்துவானிடம் பிரெஞ்சில் சொன்னாள். "இது கைப்பில்லை. தேயிலைப் பையைக் கோப்பைக்குள் மறந்துவிட்டால் ஒரு பிடிப்பு வருமே, அது. எந்தத் தண்ணீரில் காய்ச்சினீர்கள்?"

"குழாய்த் தண்ணீர். செய்முறையில் தண்ணீரைப் பற்றி ஒன்றும் இல்லையே."

அவன் நீட்டிய தாளை வாங்கிப் பார்த்தாள். அண்ணன் திருப்பி ரைப் பண்ணிய தாள். அவள் எழுதிய முதல் வரியே தண்ணீர்தான். அந்த வரியைக் காணோம்.

"தண்ணியைப் பற்றியும் எழுதினால் சிரிப்பான் எண்டு விட்டனான்" என்றான் கரிகாலன், நிலத்தைப் பார்த்தபடி.

அந்துவான் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். "மன்னிக்கவும், இது யாருடைய செய்முறை?"

"தங்கச்சி," என்று கரிகாலன் குரலைத் தாழ்த்தினான், "இவனுக்கு முன்னாலை என்ரை மானத்தை வாங்காதை."

திங்கட்கிழமை அது அவளுடைய மானமாக இருந்தது.

"என்னுடையது" என்றாள் அந்துவானிடம். "தண்ணீரைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் லேபிளில் என் பெயர் வராது என்றால், இதைக் காய்ச்சவே வேண்டாம்."

கரிகாலன் தாடையைச் சொறிந்தான். திறப்புவிழாவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது, அழைப்பிதழில் பியர் என்று அடித்தும் ஆயிற்று. "சனம் கதைக்கும்" என்றான் கடைசியாக.

"கதைக்கட்டும். குடிச்சுப்போட்டுக் கதைக்கட்டும்."

அந்துவான் பேனையை எடுத்துப் பெயரைக் கேட்டான். அவள் எழுத்தெழுத்தாகச் சொன்னாள்.

"சின்ன எழுத்திலை போடச் சொல்லு" என்றான் கரிகாலன் தமிழில்.

"ஐயா என்ன சொல்கிறார்?" என்று கேட்டான் அந்துவான்.

"பெரிய எழுத்தில் போடச் சொல்கிறார்" என்றாள் கஜந்தினி.

கரிகாலனுக்குப் பிரெஞ்சு நன்றாகவே விளங்கும். கிளாஸில் மிஞ்சியிருந்த கயர்ப் பியரை எடுத்து ஒரே மடக்கில் விழுங்கினான்.