டிக்கெட் வைத்த பக்கம்

ரத்தோட்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டிலிருந்த அக்கா, போன வாரம் நான் ஒரே மூச்சில் படித்த புதிய நாவலை வாசித்துக்கொண்டிருந்தார். மண்சரிவில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் கதை. நகமே வளராத மூன்று விரல்களால் ஒரு பக்கத்தில் பஸ் டிக்கெட்டைச் செருகினார்.

“அற்புதமான நாவல், இல்லீங்களா அக்கா?”

“நல்லாத்தான் எழுதியிருக்காங்க தம்பி. பொய்யின்னு படுற எடத்துல டிக்கெட் வைப்பேன். இதுல ஒண்ணுதான்.”

எட்டிப் பார்த்தேன். தாய் கதறிக்கொண்டே மண்ணைத் தோண்டும் பக்கம். நான் அழுத பக்கம்.

“இதுவா பொய்?”

“தோண்டுறப்ப அழ மாட்டாங்க தம்பி. உள்ளுக்கிருந்து புள்ள கூப்பிட்டா கேக்கணும்ல?”

அந்த விரல்களை மறுபடி பார்த்தேன். 

வீட்டுக்கு வந்ததும் என் பிரதியில் அதே பக்கத்தைத் தேடி, என் டிக்கெட்டை வைத்தேன்.