துடக்கு வீட்டில் ஒரு டிரம் மேஜர்

இந்த நாட்டில் ஒருவர் உங்களோடு சண்டைக்கு வந்திருக்கிறார் என்பதை விளங்கிக்கொள்ளவே எனக்குக் கனகாலம் எடுத்தது. எட்மண்டனில் நாங்கள் இருந்த கவுன்சில் பிளாட்டின் கீழ்வீட்டு வெள்ளைக்கார அம்மா ஒருநாள் பின்னேரம் கதவைத் தட்டி, "சாரி" என்றார். நானும் "சாரி" என்றேன். பிறகு மழையைப் பற்றிச் சொன்னார். நான் மழையை ஒத்துக்கொண்டேன். போகும்போது இன்னொரு தரம் "சாரி" சொல்லி, கண்ணை மேலே உயர்த்தி, விரலால் தன் தலைக்கு மேல் இரண்டு தட்டுத் தட்டிக் காட்டினார். அப்போதுதான் எங்கள் நடையில் என் மகள் மாலினி கூட்டுகிற தும்புத்தடியைச் சுழற்றிச் சுழற்றிக் கீழே போடுவது அவருடைய கூரையில் உலக்கையால் இடிப்பதுபோலக் கேட்கிறது என்று எனக்கு ஓடி வெளித்தது. எங்கள் ஊரில் என்றால் வேலிக்கு அங்காலே நின்று ஒரு கூச்சல். அதோடு விஷயம் முடிந்துவிடும்.

பிள்ளைகளே, உங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி மலருக்குப் பெற்றோர் யாராவது ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ரீச்சர் கேட்டார். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எனக்குத் தெரிந்தது என் வீட்டில் நடந்ததுதான், அதையே எழுதுகிறேன். தொண்ணூறுகள் தொடங்கிய காலம். உங்களில் சிலர் அப்போது பிறக்கவே இல்லை.

மாலினி படித்த பள்ளிக்கூடத்தில் ஒரு பாண்ட் இருந்தது. அதன் டிரம் மேஜராக அவளைத் தெரிவு செய்திருந்தார்கள். டிரம் மேஜர் என்றால் பாண்டுக்கு முன்னால் தனியே நடப்பவர். கையில் மேஸ் என்று ஒரு நீளத்தடி, அதன் தலையில் பளபளவென்று குமிழ். வீட்டில் பழகும்போது தும்புத்தடிதான் அவளுக்கு மேஸ். அதை அவர் தூக்குவதையும் இறக்குவதையும் பார்த்துத்தான் பின்னால் வரும் அத்தனை பேரும் தொடங்குவார்கள், திரும்புவார்கள், நிற்பார்கள். இதை மாலினி விளக்கியபோது என் மனைவிக்குப் பிடிபடவில்லை.

"நீ ஒண்டும் வாசிக்கிறேல்ல. பிறகென்னத்துக்கு உன்னை முன்னுக்கு விட்டிருக்கினம்?"

"அம்மா, நான் மேஸைத் தூக்கினாத்தான் அவை நிப்பாட்டுவினம்."

"தூக்காட்டி?"

"சுவரில போய் முட்டுவினம்."

அன்றிலிருந்து என் மனைவி அந்த வேலையைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தாள்.

யாழ்ப்பாணத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்திலும் பாண்ட் இருந்தது. விளையாட்டுப் போட்டியன்று வெள்ளைச் சப்பாத்துக்குச் சோக்குக்கட்டி தேய்த்து வெளுப்பாக்கிக்கொண்டு பெரிய வகுப்பு அண்ணைமார் மைதானத்தைச் சுற்றி வருவார்கள். எனக்கு ஒரு சின்ன மேளமாவது தோளில் தொங்காதா என்று ஆசை. பெயர் கொடுக்கப் போன அன்றுதான் படிப்பை நிற்பாட்டி ஐயாவுக்குத் துணையாகச் சங்கக்கடைக்கு வரச் சொன்னார்கள். ஐயா என்பது என் தகப்பனார், மாலினியின் அப்பப்பா. அதிகம் பேசாத மனிதர். நான் லண்டனுக்கு வெளிக்கிட்ட நாளில் எல்லாரும் அழுதார்கள். ஐயா மட்டும், "படலையைச் சாத்திப்போட்டுப் போ, ஆடு உள்ளட்டிடும்" என்றார். அவர் எனக்குச் சொன்ன கடைசிச் சொல் அதுதான்.

நாங்கள் இங்கே அகதிகளாகப் பதிந்தவர்கள். எங்கள் பாஸ்போர்ட்டுகள் குரோய்டனில் குடிவரவுக் கந்தோரின் பெரிய கட்டிடத்தில் எந்த மாடியில் கிடக்கின்றன என்று எங்களுக்குத் தெரியாது. முடிவு வரும்வரை நாட்டை விட்டு வெளியே போக ஏலாது. போனால் திரும்பி உள்ளே வர ஏலாது. ஊரிலோ பாதை பூட்டு, வானத்தில் ஹெலி. பாண், அதாவது ரொட்டி, செய்யும் பாக்டரியில் ஷிப்ட் முடித்து வந்து பிளாட்டின் ஜன்னலால் பார்த்தால் எதிரே இன்னொரு பிளாட். அங்கேயும் ஒருவர் ஜன்னலில் நிற்பார். ஆறேழு வருஷம் நானும் அவரும் அப்படியே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

கவுன்சிலின் கோடைக் கார்னிவலில் மாலினியின் பாண்ட் ஹை ஸ்ட்ரீட் வழியாகப் போவதாக ஏற்பாடு. அடுத்த வருஷம் அவளுக்குப் பரீட்சை, ஆனபடியால் இந்த ஒரு தரம்தான் அவளுக்கு. அந்த வாரம் தொடங்கவே கொழும்பிலிருந்து என் மச்சானின் ரெலிபோன் வந்தது.

"அத்தான், ஐயா மோசம் போயிட்டார்."

"எப்ப எடுக்கினம்?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான், நான் கேட்டு என்ன பயன் என்று தோன்றியது.

"எல்லாம் முடிஞ்சுது. செல்லடி எண்டபடியா வைச்சிருக்கேலாமல் போச்சு. விடியக் கருக்கலோட கொண்டுபோய் எரிச்சாச்சாம். மேளகாரர் வரப் பயந்திட்டினம். ஒரு ட்ராக்டரும் நாலு ஆக்களும்தான்."

"கொள்ளி?"

"உங்கட தங்கச்சியின்ர பெடியன் வைச்சவன்."

உங்களுக்கு இது விளங்கவேண்டும் பிள்ளைகளே. எங்கள் ஊரில் ஒரு செத்தவீடு என்றால் பறைமேளம் முன்னால் போகும். வசதியானவர்கள் பாண்டும் பிடிப்பார்கள். மூத்த மகன் கொள்ளிச்சட்டியோடு முன்னால் நடப்பான். நான்தான் மூத்தவன், ஒரே மகனும் நான்தான். அந்தக் காலையில் நான் பாக்டரியில் பாண் அடுக்கிக்கொண்டிருந்தேன்.

ஈஸ்ட் ஹாமிலிருந்து சிவம் அண்ணை வந்து இறங்கினார். அவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், பெரியப்பா முறை சொல்லித்தான் மாலினி கூப்பிடுவாள். நல்லதுக்கும் கெட்டதுக்கும் வான் ஓட்டிக்கொண்டு முதல் ஆளாக வருபவர். முப்பத்தோராம் நாள் கிரியை முடியும்வரை வீட்டுக்குத் துடக்கு, அதாவது தீட்டு, கோயில் இல்லை, கொண்டாட்டம் இல்லை என்று அவர் எடுத்துச் சொன்னார். எனக்குத் தெரியாததல்ல. சுவரில் தொங்கிய மாலினியின் பாண்ட் உடுப்பை, அந்தச் சிவப்பு மேலங்கியைக் கண்டதும் அவர் முகம் மாறியது.

"எடேய், தகப்பன்ர சாம்பல் ஆறேல்ல. அதுக்கிடையில பேத்தி றோட்டில பாண்ட் அடிச்சுக்கொண்டு திரிஞ்சா சனம் என்ன கதைக்கும்?"

"அவள் அடிக்கிறேல்ல அண்ணை. முன்னுக்கு நடக்கிறவள்."

"அது அதைவிடக் கேடு. பின்னுக்கெண்டாலும் ஒளிச்சு நிக்கலாம்."

மாலினி ரேடியேட்டரில் காயப்போட்டிருந்த வெள்ளைக் கையுறைகளை எடுத்து மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தாள். அழுதிருந்தால் நான் அதட்டியிருப்பேன். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் லாச்சியைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

பள்ளிக்கூடத்துக்குச் செய்தி போக, பாண்ட் ரீச்சர் மிஸிஸ் ஹாரிஸ் பூங்கொத்தோடு வீட்டுக்கே வந்துவிட்டார். சிவம் அண்ணை ஒரு கதிரையில், நான் சவரம் செய்யாத முகத்தோடு ஒரு கதிரையில். துடக்கு வீட்டில் வெளியாட்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கலாமோ என்று என் மனைவி குசினி வாசலில் நின்று கண்ணால் கேட்டாள். அண்ணை கண்ணாலேயே வேண்டாம் என்றார். வந்தவருக்கு வெறும் கை. தனக்குத் தேத்தண்ணி தராத வீட்டில் தன்மேல் ஏதோ கோபம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும், கதிரை நுனியிலேயே இருந்தார்.

செத்தவீடு எப்போது என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். அவர் முகத்தில் ஒரு நிம்மதி. "அப்படியென்றால் சனிக்கிழமை மாலினிக்கு வசதிப்படுமா?" அவர்களுக்குச் செத்தவீடு முடிந்தால் எல்லாம் முடிந்தது. எங்களுக்கு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. இதை இங்கிலீசில் சொல்ல எனக்குச் சொல் இல்லை. "பினிஷ், பட் நாட் பினிஷ்" என்றேன். அவர் மாலினியைப் பார்த்தார். மாலினி காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் வராவிட்டால் ஒரு வாத்தியார் முன்னால் நடப்பார் என்று சொல்லிவிட்டு மிஸிஸ் ஹாரிஸ் எழுந்தார். வாசலில் அவரும் "சாரி" என்றார். அது எந்தச் சாரி என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமைக்கு முதல்நாள் பின்னேரம் மாலினி அரிசி கழுவிக்கொண்டு நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

"அப்பா, அப்பப்பாவுக்கு ட்ரம் இல்லையா?"

"இல்லைப் பிள்ளை."

"முன்னுக்கு ஒருத்தருமே நடக்கேல்லையா?"

"இல்லை."

"ஓ," என்றாள். அரிசித் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி தண்ணீர் பிடித்தாள். அவ்வளவுதான். எதையும் கேட்டு வாங்குவதற்காக அவள் அதைக் கேட்கவில்லை என்று அவள் முதுகைப் பார்க்கவே தெரிந்தது. நான் ஜன்னலுக்குப் போனேன், எதிர் பிளாட்டைப் பார்த்தேன், திரும்பி வந்தேன்.

"நாளைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடவேணும்?"

"சும்மா கேக்கிறீங்களா?"

"இல்லை. எத்தினை மணிக்கு?"

"பத்து," என்றாள். சிரிக்கவில்லை. மற்ற அறையிலிருந்து என் மனைவி வந்தாள். "இஞ்சாருங்கோ, அண்ணைக்கு என்ன சொல்லப் போறியள்?"

"உண்மையைச் சொல்லுவம்."

"எது உண்மை?"



சனி காலை தேவாரம் படிக்க என்று வந்த சிவம் அண்ணை, சிவப்பு மேலங்கியும் தங்கநிறப் பின்னலும் உயரத் தொப்பியுமாக நின்ற மாலினியைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார். எல்லாரும் திட்டு விழும் என்று நின்றோம். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இந்தத் தொப்பியோட பஸ்சில ஏறேலாது," என்றார். வானைத் திறந்துவிட்டு, "வான்தான் வருது, நான் வரேல்ல. ஆரும் கேட்டா அப்பிடித்தான் சொல்லுவன்," என்று வழி முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டே ஓட்டினார்.

ஹை ஸ்ட்ரீட் தொடக்கத்தில் கயிறு கட்டி, சனம் ஐஸ்கிரீமோடு நின்றது. பாண்ட் அணிவகுத்தது. மாலினி தனியே முன்னால் போய் நின்றாள். மேஸ் எழுந்தது, மேளம் இடித்தது, எல்லாரும் ஒன்றாகக் கால் வைத்தார்கள். நானும் என் மனைவியும் நடைபாதையால் கூடவே போனோம். முதல் சந்தி வந்ததும் என் மனைவி நின்றுவிட்டாள்.

"ஏன் நிண்டிட்டீர்?"

"இதுக்கங்கால நான் வரேல்ல. நீங்கள் போங்கோ."

எங்கள் ஊரில் பெண்கள் செத்தவீட்டு ஊர்வலத்தோடு ஒழுங்கை முனைவரைதான் வருவார்கள். சுடலைக்கு ஆண்கள் மட்டுமே போவார்கள். அவள் அதைச் சொல்லவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சந்தியிலேயே நின்றாள். பெண்கள் வராத ஊர்வலத்தில் என் பெண்பிள்ளை எல்லாருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

நடுவழியில் முன்னால் போன அலங்கார லொறி பழுதாகி நின்றது. தேனீ வேடம் போட்ட சின்னப்பிள்ளைகள் அதன்மேல் இருந்து கையசைத்தார்கள். மாலினி மேஸால் ஒரு சைகை காட்டினாள். பாண்ட் முன்னே போகாமல், அதே இடத்தில் கால்களை உயர்த்தி உயர்த்தி வைத்தது. அதை மார்க் டைம் என்பார்கள். மேளம் குறையவில்லை, ஒருவரும் ஓரடிகூட நகரவில்லை. நானும் நின்றேன். அந்த நடை எனக்கு நன்றாகப் பழகியது. இந்த நாட்டில் வந்திறங்கிய நாளிலிருந்து நான் நடந்தது அதுதான்.

பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரக் கிழவர் என் தாடியையும் முகத்தையும் பார்த்தார். முன்னால் நிற்பது என் மகளா என்று கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன். என் தோளில் தட்டி, "முகத்தைச் சந்தோஷமாக வையும் ஐயா, நீர் பயப்படுவது நடக்காமலும் போகலாம்" என்ற மாதிரி ஏதோ சொன்னார். இங்கே சோர்ந்த முகத்தைக் கண்டால் அப்படிப் பகிடியாகச் சொல்வார்களாம்.

"நடந்துவிட்டது," என்றேன்.

அவர் நல்ல பகிடி என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

லொறி இழுபட்டு நகர்ந்தது. பாண்ட் பார்க் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது. மாலினி இரண்டு கையாலும் மேஸைத் தலைக்கு மேலே குறுக்காகப் பிடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்திருந்தாள். இறக்கியதும் மேளம் நின்றது. சனம் கை தட்டியது. நான் கை தட்டவில்லை. கையைக் கூப்பவும் இல்லை, அத்தனை பேர் மத்தியில் வெட்கமாக இருந்தது. திரும்பி வீட்டுக்கு நடந்தேன்.

சுடலையால் வருபவர்கள் குளிக்காமல் வீட்டுக்குள் அடி வைக்கக்கூடாது. ஊரில் கிணறு வளவுக்குள் இருக்கும். இங்கே குளியலறைக்குப் போகவே வீட்டுக்குள் நுழைய வேண்டும். என் மனைவி எனக்கு முதல் வந்து, இரண்டு வாளித் தண்ணீரையும் வேட்டியையும் பிளாட்டின் வெளி நடையில், கதவுக்கு முன்னால் வைத்திருந்தாள். நான் கேட்கவும் இல்லை, அவள் சொல்லவும் இல்லை. வேட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு வாளியைத் தலையில் ஊற்றினேன். கோடை என்று பெயர்தான், பல் கிடுகிடுத்தது.

அந்த நேரம் மாலினி படியேறி வந்தாள். சிவப்பு மேலங்கி, கையில் தொப்பி. ஈரத்தோடு நின்ற என்னைப் பார்த்தாள், வாளியைப் பார்த்தாள், உள்ளே நின்ற தாயைப் பார்த்தாள். அவளுக்கு இதை ஒருவரும் படிப்பித்ததில்லை.

"அப்ப நானும் வெளியில நிக்கவேணுமே?"

"உடுப்புப் பள்ளிக்கூடத்தின்ர, நனைக்கேலாது," என்றாள் தாய். "கையையும் காலையும் நீட்டு, அவ்வளவும் காணும்."

மாலினி சப்பாத்தைக் கழற்றினாள், கையுறைகளைக் கழற்றித் தொப்பிக்குள் போட்டாள். தாய் கதவு நிலைக்கு உள்ளே நின்றபடி குனிந்து, செம்பால் அள்ளி அவள் கையில் ஊற்றினாள், பிறகு கால்களில் ஊற்றினாள்.

"இப்ப உள்ள வரலாமோ?"

"பொறு. அப்பாவுக்கு இன்னும் ஒரு வாளி இருக்கு."

என் தோளுக்கு என் பிள்ளை வளர்ந்திருந்தாள். ஒருவர் வேட்டியோடும் ஒருவர் பாண்ட் உடுப்போடும், கதவு திறந்திருந்த எங்கள் வீட்டுக்கு முன்னால், வெளியே, நாங்கள் காத்து நின்றோம்.