கயிறு பிடிக்கும் ஐந்தாவது ஆள்

புது வீடியோ கேம் ஒன்று வெளிவந்தால், அதைப் பற்றி நான் என்ன சொல்கிறேன் என்று பார்க்கக் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அது என் வேலை இல்லை. வேலை, தூத்துக்குடி துறைமுகத்துக்கு வெளியே ஒரு கன்டெய்னர் யார்டில். வந்து இறங்கும் காலிப் பெட்டிகளைச் சோதித்துச் சீட்டு எழுத வேண்டும். கேம் விளையாடுவதும், அதைப் பற்றித் தமிழில் பேசி வீடியோ போடுவதும் ஷிப்டுக்கு முன்னும் பின்னும். இரண்டில் எதில் கெட்டிக்காரன் என்று கேட்டால் இரண்டிலும் என்றுதான் சொல்வேன். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

மற்ற எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன் நான். காஸை மூடினோமா என்று பாதி வழியில் பைக்கைத் திருப்பிக்கொண்டு வந்திருக்கிறேன். மூடித்தான் இருக்கும். மனைவி இரண்டு தடவை போனை எடுக்கவில்லை என்றால், மூன்றாவது தடவைக்குள் மனதுக்குள் ஆஸ்பத்திரி வரைக்கும் போய்வந்துவிடுவேன். ஆனால் யார்டில் இந்தக் குணம்தான் எனக்குச் சோறு போடுகிறது. காலிப் பெட்டியைச் சோதிக்க ஒரு வழி உண்டு. உள்ளே போய் நின்றுகொண்டு, வெளியே இருப்பவரைக் கதவை மூடச் சொல்ல வேண்டும். கும்மிருட்டு. தகரச் சூடு முகத்தில் அடிக்கும். கூரையில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருந்தாலும் அதன் வழியே வெயில் பளிச்சென்று தெரியும். வெயில் வந்தால் மழையும் வரும், அந்தப் பெட்டி சரக்குக்கு ஆகாது. சிலர் கதவைப் பாதி சாத்திவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சீட்டு எழுதிவிடுவார்கள். என்னால் முடியாது. நான் கையெழுத்துப் போட்ட பெட்டியில் யாருடைய பயறோ நனைந்து முளைத்துக் கிடப்பதாக நினைத்தாலே அன்றைக்குத் தூக்கம் போய்விடும்.

கேமிலும் அப்படித்தான். டிவியில் மாட்டி விளையாடும் கன்சோல், கையில் பிடித்து விளையாடும் சின்னக் கருவி, கம்ப்யூட்டர் என்று மூன்றுக்கும் ஒரே பெயரில் ஒரு கேமை விடுவார்கள். ஒரே பெயர் என்பதால் ஒரே கேம் என்று நினைக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் வெண்ணெய் மாதிரி ஓடுவது கன்சோலில் கூட்டச் சண்டை வந்ததும் திணறும். டிவியில் அழகாக இருக்கும் எழுத்து கைக்கருவியில் எறும்பாகிவிடும். அதனால் மூன்றிலும் கடைசிவரை முடிக்காமல் நான் வாய் திறப்பதில்லை. இந்த ஒழுங்குக்காகத்தான் என் பேச்சைக் கேட்கிறார்கள் என்பது என் நம்பிக்கை.

இந்தப் பேச்சுக்கு எனக்கு எந்தப் பட்டமும் கிடையாது. ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஆற்றுப் பாசனத்தில் நெல் விளையும் ஊர்க்காரன். அப்பா படுத்துவிட, பத்தாம் வகுப்பின் பாதியில் வயலுக்குப் போனவன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்க கேம்களின் மெனுவிலிருந்து வந்தது. ஒவ்வொரு வீடியோ போட்ட பிறகும் நான் தேடுவது ஒரே ஒரு கமெண்டைத்தான்: 'பள்ளிக்கூடம் முடிக்காதவனெல்லாம் பேச வந்துட்டான்.' அப்படி ஒருவரும் எழுதியதில்லை. எழுதுவார்கள் என்ற பயம் மட்டும் போனதே இல்லை.

போன வருஷம் ஒரு முத்துக்குளிக் கேம் வந்தது. வெளியூரில் நாலே பேர் சேர்ந்து செய்தது. பேச்செல்லாம் தமிழ் எழுத்திலேயே வரும். நம் கடற்கரையைப் போல ஒரு கடற்கரை. பெயர் சொல்லாத ஊர். நீங்கள்தான் குளியாள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்க வேண்டும், மூச்சு தீர்வதற்குள் சிப்பியைப் பொறுக்க வேண்டும், கயிற்றை இழுத்துக் காட்ட வேண்டும். மேலே படகில் கயிறு பிடிப்பவர் உங்களைத் தூக்குவார். இது ஒரு முங்கல். கயிறு பிடிக்க ஐந்து பேர் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறை படகு கிளம்பும்போதும் ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொருவர் பெயருக்கும் பக்கத்தில் கைபலம் இவ்வளவு, அனுபவம் இவ்வளவு என்று எண் போட்டிருக்கும்.

இந்த ஊரில் இருந்துகொண்டு அதைப் பற்றி முதலில் பேசுவது நானாக இருக்க வேண்டும் என்று ஓர் அவசரம் வந்துவிட்டது. கைக்கருவியில் மட்டும் வேகமாக விளையாடினேன். மற்ற இரண்டிலும் முதல் மூன்று முங்கலோடு படத்தின் தரத்தைப் பார்த்துவிட்டு மூடிவிட்டேன். என் வழக்கத்தை நானே மீறியது அதுதான் முதல் தடவை.

எட்டு முங்கல் வரை பிரச்சினை இல்லை. ஒன்பதாவதில் ஆழம் கூடுகிறது. நான் தேர்ந்தெடுத்தவருக்குக் கைபலம் ஒன்பது. கயிற்றை இழுக்கிறேன், மேலே ஒன்றும் நடக்கவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் கயிறு அசைகிறது. அதற்குள் செத்துவிட்டேன். மறுபடி. மறுபடியும். ஆளை மாற்றினேன், கைபலம் எட்டு. சாவு. இப்படி நாலு பேரையும் மாற்றிப் பார்த்துவிட்டு, எப்படியோ ஒரு சிப்பியைக்கூட எடுக்காமல் அந்த இடத்தைத் தாண்டி முடித்தேன். ஐந்தாவது ஆளை நான் தொடவே இல்லை. ஒல்லி. கைபலம் இரண்டு.

வீடியோவில் அடித்துச் சொன்னேன்: "இது கஷ்டம் இல்லை, கோளாறு. எண்ணைப் போட்டுவிட்டு அந்த எண்ணுக்கே மதிப்பில்லாமல் செய்திருக்கிறார்கள். வாங்காதீர்கள்." ஞாயிற்றுக்கிழமை போட்டது, நான் அதுவரை போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தார்கள்.

மறுநாள், கேமைச் செய்த அந்த நாலு பேரில் ஒரு பெண்ணிடமிருந்து செய்தி வந்தது. கோபம் இல்லை. திருத்தச் சொல்லவும் இல்லை. 'நேரம் ஒதுக்கி விளையாடியதற்கு நன்றி. கயிறு பிடிக்க யாரை வைத்திருந்தீர்கள் என்று மட்டும் சொல்ல முடியுமா?' என்று கேட்டிருந்தார். கோளாறை மறைக்கச் சாக்குத் தேடுகிறார்கள் என்று நினைத்துப் பதில் போடாமல் விட்டேன்.

செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டு நேரம். எங்கள் அலுவலகத்தில் கேட் பாஸ் அடிக்கும் பெண், கடற்கரைக் குடும்பத்தவள், டிபன் பாக்ஸோடு எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, உங்க வீடியோ பாத்தேன். முத்துக்குளின்னு போட்டிருந்தீங்கல்லா, அதான் பாத்தேன். மத்தபடி கேமுல்லாம் எனக்கு ஒண்ணும் தெரியாது."

"எப்படி இருக்கு?"

"நீங்க சாவுதது நல்லா இருக்கு. வெரைட்டியா சாவுதீங்க."

சிரித்துக்கொண்டே போனில் அதே வீடியோவை ஓடவிட்டு, ஒரு இடத்தில் நிறுத்தினாள். "இது யாரு, ஓரத்துல ஒல்லியா நிக்கான்?"

"அவனா? கதையில குளியாளோட பொண்டாட்டிக்கு அண்ணன்."

மீன்துண்டோடு அவள் கை அப்படியே நின்றது. "மச்சான் படகுல நிக்கான். அவன விட்டுட்டு வேத்தாளு கையிலயா கயித்தக் கொடுத்தீங்க?"

"அவனுக்குக் கைபலம் ரெண்டுதான் போட்டிருக்கு. மத்தவனுக்கு ஒன்பது."

"ஒன்பதை வச்சு என்ன செய்ய? எங்காளுக முத்துக்குளிக்கப் போன காலத்துல மச்சான்காரன்தான் கயிறு பிடிப்பானாம். தங்கச்சி தாலிய அறுக்க எவன் விடுவான், சொல்லுங்க? மத்தவனுக்கு என்ன, நீங்க போனா அடுத்த ஆளு."

"இது எனக்கு எப்படித் தெரியும்?"

"எங்க தெருவுல தவழுத பிள்ளைக்கும் தெரியும். உங்க ஊருல கயிறுன்னா மாட்டுக்குத்தான?"

பைக்குள் கைக்கருவி இருந்தது. கை கழுவிவிட்டு வந்து வாங்கிக்கொண்டாள். எந்தப் பொத்தான் எதற்கு என்று நான் சொல்லச் சொல்ல, ஒல்லியானவனிடம் கயிற்றைக் கொடுத்து ஒன்பதாவது முங்கலில் இறங்கினாள். பாறையில் மூன்று தடவை முட்டினாள். சிப்பி மூன்றுதான் கிடைத்தது. மூச்சைக் காட்டும் கோடு சிவப்பானபோது "இழு, இழு" என்று கத்திவிட்டேன். அவள் கயிற்றை இழுத்ததும், இழுத்து முடிவதற்குள்ளேயே உடம்பு மேலே போகத் தொடங்கியது.

"பாத்தீங்களா? தண்ணியவிட்டுக் கண்ண எடுக்காம நிக்கான், பாவம்" என்றாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். பெரிய திரையில் பார்த்தபோதுதான் தெரிந்தது. கைபலம் ஒன்பது வைத்திருப்பவர், நான் கீழே இருக்கும்போது கரைப்பக்கம் முகத்தைத் திருப்பி வெற்றிலை போட்டுக்கொண்டிருக்கிறார். எட்டு வைத்திருப்பவர் பக்கத்துப் படகுக்காரரோடு பேசுகிறார். ஒல்லியானவன் முகம் மட்டும் அசையவே இல்லை. எல்லாம் படத்திலேயே இருந்தது. கைக்கருவியின் சின்னத் திரையில் முகம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்றே தெரியாது.

இன்னொன்றும் இருந்தது. ஒன்பதாவது முங்கலுக்கு முன்னால் வீட்டுக் காட்சி. குளியாளின் பெண்டாட்டி ஒரு வரி சொல்கிறாள்: 'அண்ணன் வருகிறான், அவன் கையில் கயிற்றைக் கொடுங்கள்.' கைக்கருவியில் இந்த வரி வரவே இல்லை என்று சொல்லிவிடலாம் என்ற ஆசையோடு, நான் பதிவுசெய்து வைத்திருந்ததைத் திரும்ப ஓட்டினேன். வந்திருக்கிறது. திரையின் அடியில், கண்ணைச் சுருக்கினால் படிக்கிற அளவில். அது மறைவதற்கு முன்பே என் கட்டைவிரல் 'அடுத்தது' பொத்தானை அழுத்தியிருக்கிறது. என் வீடியோவிலேயே அது கிடக்கிறது. பார்த்தவர்கள் யாரும் கவனிக்கவில்லை.

மனைவி வந்து எட்டிப் பார்த்தாள். சொன்னேன்.

"அப்ப அத டிலீட் பண்ணிட்டு வந்து சாப்பிடுங்க. யாருக்குத் தெரியப்போவுது?"

"நாலு பேரு செஞ்ச கேமு. நான் வாங்காதன்னு சொல்லியிருக்கேன்."

"சரி, அப்ப தப்புன்னு சொல்லுங்க."

"சொன்னா, ஒரு வரி எழுத்தக்கூடப் படிக்கத் தெரியாதவன்னு சொல்லுவானுவ."

அவள் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு, "படிக்கத் தெரியாமயா அழுத்துனீங்க? அவசரத்துல அழுத்துனீங்க. எந்தத் தப்பச் செஞ்சீங்களோ அதச் சொல்லுங்க, செய்யாதத ஏன் இழுத்துப் போட்டுக்கிடுதீங்க" என்றாள்.

அந்த வாரம் முழுக்க, ஷிப்டுக்கு முன்னால் விடியற்காலையில் எழுந்து கன்சோலிலும் கம்ப்யூட்டரிலும் முதலிலிருந்து கடைசிவரை முடித்தேன். கைக்கருவியில் இன்னொரு தடவை. விளையாடும்போதே மனதுக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஓர் ஊரின் பழக்கத்தைத் தெரியாதவனைக் கேம் கொல்லலாமா? கடலிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் வளர்ந்த எனக்கே தெரியவில்லை, இன்னும் உள்ளே தள்ளி இருக்கும் கயத்தாறுக்காரருக்குத் தெரியுமா, கண்காணாத நாட்டுக்காரருக்குத் தெரியுமா? கொல்லலாம் என்றுதான் கடைசியில் தீர்மானித்தேன். எண்ணை நம்பாதே, ஆளைப் பார் என்பதுதான் அந்தக் கேம் சொல்ல வந்ததே. அதை முன்கூட்டியே பலகையில் எழுதி மாட்டிவிட்டால் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. ஆனால் ஆளைப் பார் என்றால் ஆள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பேச்சைக் கேள் என்றால் படித்து முடிக்கும் வரை அந்த எழுத்து திரையில் நிற்க வேண்டும். கம்ப்யூட்டரிலும் கன்சோலிலும் இரண்டும் நடக்கிறது. கைக்கருவியில் இரண்டும் நடக்கவில்லை: முகம் தெரியவில்லை, வரி படிப்பதற்குள் மறைந்தது. என் தப்பு ஒன்று இருந்தது, அவர்கள் தப்பு ஒன்றும் இருந்தது. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பேசினேன். பழைய வீடியோவை அழிக்கவில்லை. என் விரல் அந்த வரியைத் தள்ளிவிடும் இடத்தை நானே மெதுவாக ஓட்டிக் காட்டினேன். "இது நான் செய்த தப்பு. மூன்று கருவியிலும் முடிக்காமல் பேசினேன். கம்ப்யூட்டரும் கன்சோலும் வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம், இந்த வருஷம் நான் விளையாடியதில் இதுதான் முதலிடம். கைக்கருவிக்காரர்கள் பொறுங்கள்" என்றேன். பேசியதை முழுக்க ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போட்டேன்.

நான் பயந்த கமெண்ட் அன்றைக்கே வந்தது. 'ஸ்கூலுக்குப் போயிருந்தா வாசிச்சிருப்பே' என்று ஒருவர். அவருக்கு நான் எங்கே படித்தேன் என்று தெரிய வழியில்லை, சும்மா வீசிய கல்தான். இத்தனை வருஷம் எதற்குப் பயந்து இரவும் பகலும் முழித்துக் கிடந்தேனோ, அது ஒரே ஒரு வரி. படித்தேன். திரும்பவும் படித்தேன். அப்புறம் எழுந்து போய் தோசை சாப்பிட்டேன்.

கேம் செய்த அந்தப் பெண்ணுக்கும் பதில் எழுதினேன்: 'ஐந்தாவது ஆளை நான் எடுக்கவே இல்லை. தாமதமாகச் சொல்வதற்கு மன்னிக்கவும்.' கைக்கருவியில் கண்ட குறைகளையும் கீழே சேர்த்தேன். அனுப்புவதற்கு முன் நான்கு தடவை எழுத்துப் பிழை பார்த்தேன்.

அவர் உடனே மறுத்தார். அந்த வரி கைக்கருவியிலும் நான்கு விநாடி நிற்கும்படிதான் செய்திருக்கிறோம், விரலை அழுத்தாமல் இருந்தால் படித்துவிடலாம், எழுத்தின் அளவும் சோதித்ததுதான் என்று எழுதியிருந்தார். ஒரு தடவை தப்பு செய்தவன், இதிலும் அடங்கிப் போவான் என்று நினைத்திருக்கலாம். போன வாரத்து நானாக இருந்தால் அடங்கியிருப்பேன்.

இந்தத் தடவை பொத்தான் பக்கமே விரலைக் கொண்டுபோகாமல், போனின் கடிகாரத்தைப் பக்கத்தில் ஓடவிட்டு ஐந்து தடவை பதிவுசெய்தேன். ஐந்திலும் இரண்டு விநாடிக்குள் வரி மறைந்தது. ஐந்தையும் அனுப்பி, 'கயிறு விஷயத்தில் தப்பு என்னுடையது. இது உங்களுடையது' என்று எழுதினேன்.

இரண்டு நாள் சத்தமில்லை. மூன்றாம் நாள், நான் யார்டில் வெயிலில் நின்று சீட்டு எழுதிக்கொண்டிருந்தபோது பதில் வந்தது.

'இப்போதுதான் பார்த்தோம். இரண்டு விநாடிதான். மாற்றுகிறோம்.'

'மாற்றியதும் சொல்லுங்கள், முதல் முங்கலிலிருந்து விளையாடிப் பார்க்கிறேன். அதுவரை, கைக்கருவிக்காரர்களைப் பொறுக்கச் சொன்னது அப்படியே இருக்கும்' என்று அனுப்பிவிட்டு, போனைப் பைக்குள் போட்டேன்.